பாட்டைப் பழிக்கும் காதுகள், புகையைப் பொறுக்கும் மூக்குகள்

நம் பகுதிப் பங்கு ஒன்றின் ஆண்டுத் திருவிழா. தேர்ப்பவனி முடிந்து கலை நிகழ்ச்சிகள் தொடங்கியிருந்தன. சிறுமியரின் நடனம், மறைக்கல்வி மாணவரின் நாடகம், அன்பியத்தாரின் குழுப்பாடல் என நிரல் நீண்டது. இறுதியில் இளையோர் சிலர் மேடை ஏறினர். ஒருவன் தோளில் டோலக்கு. மற்றொருவன் மடியில் கவிழ்த்த தகர டின். எண்ணூரில் அம்மோனியா வாயு கசிந்த இரவைப் பற்றித் தாங்களே கட்டிய பாட்டு என்று அறிவித்தார்கள். கானா மெட்டில் தொடங்கிய பாட்டு, இடையில் ராப் நடைக்கு மாறியது. நள்ளிரவில் கண் எரிந்து விழித்தது, ஈரத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாட்டியைத் தூக்கி ஓடியது, எந்தப் பக்கம் ஓடினால் உயிர் பிழைக்கலாம் என்று சொல்ல ஒருவரும் இல்லாதது எல்லாவற்றையும் தங்கள் தெருப் பேச்சிலேயே அடுக்கினார்கள். ஓரிரு இடங்களில் வசைச் சொற்களும் வந்தன.

மூன்றாம் அடியிலேயே விழாக் குழுவினர் ஒருவர் எழுந்து கையசைத்தார். ஒலிபெருக்கி நின்றது. "போதும்பா, இறங்குங்க. கோயில்ல பாடுற பாட்டா இது? சாவு வீட்டுல ரவுடிங்க பாடுறது" என்றார். டோலக்கு வைத்திருந்த தம்பி இறங்கவில்லை. "கேஸ் அடிச்ச அன்னிக்கு ராத்திரி இதே கோயில்லதானே ஐயா எங்களை உக்கார வெச்சீங்க?" என்று கேட்டான். அதற்கு விடை சொல்லப்படவில்லை. அடுத்த நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டது. பழைய திரைப்பட மெட்டு ஒன்றில் பக்திச் சொற்களைப் பொருத்திய பாடல். அதற்குக் கைதட்டல் கிடைத்தது.

அந்தக் கூட்டத்தில் நாமும் இருந்தோம். நாம் வாய் திறக்கவில்லை. சிலர் 'நல்ல வேளை, நிறுத்தினார்கள்' என்றும் முணுமுணுத்தோம். அன்று மேடையை விட்டு இறங்கிய தம்பிகளுள் இருவரை அதன் பின்னர் ஞாயிறு திருப்பலியில் காண முடிவதில்லை. ஆகவே, இது ஓர் இசை வகையைப் பற்றிய விருப்பு வெறுப்பு மட்டும் அன்று. யாருடைய வேதனைக்கு நாம் காது கொடுக்கிறோம், யாருடைய வேதனையைக் கேட்டதும் ஒலிபெருக்கியை நிறுத்துகிறோம் என்பதைப் பற்றிய கேள்வி. இதனைச் சற்று நேர்மையோடு சிந்திக்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

ரவுடிப் பாட்டு என்னும் பெயர்

கானா வடசென்னையின் வாய்மொழிச் செல்வம். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், ரிக்‌ஷா இழுத்தவர், மீன் விற்றவர், ஆலையில் இரவுப் பணி பார்த்தவர் ஆகியோரின் குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்த பாட்டு அது. எழுதி வைத்துப் பாடியதில்லை. பாடிப் பாடியே நிலைத்தது. இறந்தவரின் வீட்டு வாயிலில் விடியும்வரை இருந்து, அவருடைய நல்லதையும் கெட்டதையும் சொல்லிப் பாடும் மரண கானா அதன் ஆழமான கிளை. பிணத்துக்கு அருகே தனித்து அழுதுகொண்டிருக்கும் குடும்பத்துக்கு, இரவெல்லாம் உடனிருக்கும் துணை அது. ஆறுதல் தருவதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகக் கற்ற நமக்கு இது புரியாத செய்தியா?

1990-களில் இசையமைப்பாளர் தேவா கானாவின் மெட்டுகளைத் தமிழ்த் திரைக்குப் பரவலாகக் கொண்டுவந்தார். 2006-இல் வெளிவந்த 'சித்திரம் பேசுதடி' படத்தில், மீன்களின் திருமணத்தைப் பற்றிக் கானா உலகநாதன் பாடியதைத் தமிழகமே பாடியது. 2012-இல் 'அட்டகத்தி' படத்தின் வழியாகக் கானா பாலா வீடுதோறும் அறிமுகமானார். நம் வீட்டுத் திருமண வரவேற்புகளில் இந்தப் பாட்டுகளுக்கு ஆடாத இளையோர் உண்டா? ஆடியதை ஒளிப்பதிவு செய்து மகிழாத பெற்றோர்தாம் உண்டா? திரைப்பட நிறுவனம் பணம் கொடுத்து வாங்கிய கானா நமக்குக் கலை. அதே கானாவைப் பக்கத்துத் தெருத் தம்பி தன் வாயால் பாடினால் நமக்கு ரவுடித்தனம். நாம் வெறுப்பது பாட்டையா, பாடுகிறவனையா?

இந்தப் பெயர் சூட்டலில் திரைப்படங்களுக்கும் பெரும் பங்குண்டு. இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி என்றாலே அரிவாளும் கஞ்சாவும் என்று பல்லாண்டுகளாகக் காட்டிக் காட்டி, அதை ஊரறிந்த உண்மையாக்கிவிட்டார்கள். 'வடசென்னைக்காரன்' என்று தெரிந்தால் வாடகைக்கு வீடு தரத் தயங்குவோரை நாம் அறிவோம். வேலைக்கான நேர்காணலில் முகவரியை மாற்றிச் சொல்லும் நம் பிள்ளைகளையும் அறிவோம். வெளியில் இருப்பவர் நமக்கு இட்ட அந்தப் பெயரை, நம் ஆலய வளாகத்துக்குள்ளேயே நம்மைவிட எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நாம் இடுகிறோம். இதைவிட வருந்தத்தக்கது வேறென்ன?

கடல் கடந்த ஒரு பாடம்

அமெரிக்காவின் தென் மாநிலமான டெக்சாஸில் ஹூஸ்டன் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் நிறைந்த ஊர். நம் மணலியையும் எண்ணூரையும் பன்மடங்கு பெருக்கினாற்போன்றது. அங்கு 'கெட்டோ பாய்ஸ்' என்ற ராப் குழு உருவாயிற்று. அதன் பாடகர்களுள் ஒருவரும், அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட நிறுவனத்தைத் தொடங்கியவரும், கறுப்பின மக்கள் வாழும் 'ஐந்தாம் வார்டு' என்னும் ஏழைப் பகுதியில் வளர்ந்தவர்கள். 1990-இல் அக்குழுவின் பெயரையே தாங்கி ஓர் இசைத்தொகுப்பு வெளிவர இருந்தபோது, அதை விநியோகிக்க வேண்டிய கெஃபன் என்னும் பெருநிறுவனம் மறுத்துவிட்டது. கொலையையும் பெண்களுக்கு எதிரான கொடுமைகளையும் அந்தத் தொகுப்பு வருணித்த விதமே காரணம். வேறொரு நிறுவனத்தின் வழியாகவே அது வெளிவந்தது.

அந்தப் பாடல்களுக்கு நாம் வழக்காட வரவில்லை. அவற்றுள் சில, கேட்கவே கூசுபவை. அவற்றைக் கண்டித்தவர்கள் எல்லாரும் தவறானவர்கள் என்றும் சொல்ல மாட்டோம். ஆயினும் அதன் பின்னர் நடந்ததைக் கவனிக்க வேண்டும். மறுப்பும் கண்டனமுமே அக்குழுவை நாடறியச் செய்தன. 1991-இல் அடுத்த தொகுப்பு வந்தது. அதில் இருந்த ஒரு பாடல், வன்முறையில் வாழ்ந்த ஒருவனின் உறக்கமின்மையையும் அச்சத்தையும் மனக் குழப்பத்தையும் பேசியது. வீரம் பேசியவர்கள் தங்கள் உள்ளம் உடைந்திருப்பதை ஒப்புக்கொண்ட அந்தப் பாட்டே, இன்றுவரை அவர்களுடைய பாடல்களுள் மிகச் சிறந்ததாகப் போற்றப்படுகிறது. கண்டித்தவர்களில் எத்தனை பேர் அதைக் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள்?

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. அந்த ஐந்தாம் வார்டை ஒட்டி ஒரு ரயில் பணிமனை இருந்தது. தண்டவாளக் கட்டைகள் உளுத்துப் போகாதிருக்க, கிரியோசோட் என்னும் தார்நெய்யில் பல பத்தாண்டுகள் அங்கே பதப்படுத்தினார்கள். அந்த நச்சு மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கியது. 2019-இல் டெக்சாஸ் மாநில நலத்துறையே ஆய்வு செய்து, அப்பகுதியில் சில வகைப் புற்றுநோய்கள் எதிர்பார்க்கத்தக்க அளவை விட மிகுதியாக இருப்பதாக அறிவித்தது. பாட்டின் சொற்களைப் பற்றிய கூச்சல் எழுந்தது 1990-இல். அந்தத் தெருக்களின் மண்ணைப் பற்றி அரசு வாய் திறந்தது 2019-இல். இடையில் 29 ஆண்டுகள்! ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து நோயுறும் காலம் அது. பாட்டில் இருந்த நஞ்சைக் கண்டுபிடிக்க அறிஞர்களும் அரசியலாரும் போட்டியிட்டார்கள். மண்ணில் இருந்த நஞ்சைக் கண்டுபிடிக்க அங்கு வாழ்ந்தவர்களே போராட வேண்டியிருந்தது.

இந்தக் கதை நமக்கு எங்கேயோ கேட்டதுபோல் இல்லையா?

எண்ணூரில் நாம் எதைக் கண்டித்தோம்?

நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது, 2017-இல் மூடப்பட்டது. 1990-களில் வட சென்னை அனல் மின் நிலையம் வந்தது. அதன் சாம்பல் கலந்த குழம்பைக் கொண்டுசெல்லும் குழாய்கள் உடைந்து உடைந்து, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. இறாலும் நண்டும் மடவையும் பிடித்து வாழ்ந்த காட்டுக்குப்பத்து மக்களைக் கேளுங்கள். ஆற்றில் இறங்கினால் கால் எதில் புதைகிறது என்று சொல்வார்கள்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூரில் காமராசர் துறைமுகத்துக்கு அருகே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்னும் இரு கப்பல்கள் மோதின. எண்ணெய் கசிந்து கரையெங்கும் கறுப்பாயிற்று. பெரிதாக ஒன்றுமில்லை என்ற வகையிலேயே முதல் விளக்கங்கள் வந்தன. பின்னர் நடந்ததை நாடே கண்டது. மீனவரும் தன்னார்வலரும் வாளியால் எண்ணெய்ச் சேற்றை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகத்துக்கு வந்தது. வலைகளும் படகுகளும் வீட்டுச் சுவர்களும் எண்ணெயில் தோய்ந்தன. மீண்டும் மீனவர்களே அள்ளினார்கள். அந்தக் கறை காய்வதற்குள், டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்துக்கு அருகே, கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயிலிருந்து வாயு கசிந்தது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் இரவு! குடில்களில் விளக்கு எரிந்துகொண்டிருந்த வேளையில், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். பின்னர் வாரக்கணக்கில் பந்தலில் அமர்ந்து போராடினார்கள்.

இந்தப் பல்லாண்டுகளில் நம் பங்குப் பேரவைக் கூட்டங்களின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்ப்போமா? இளையோர் ஒழுக்கம் பற்றி எத்தனை தீர்மானங்கள்? பேருந்துப் பலகையில் தாளமிட்டுப் பாடும் கல்லூரி மாணவரைப் பற்றி எத்தனை கவலைகள்? சாம்பலைப் பற்றி எத்தனை? எண்ணெயைப் பற்றி எத்தனை? அந்தப் பந்தலில் உட்கார நம்மில் எத்தனை பேர் போனோம்? போனவர்கள் உண்டு, அவர்களுக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் அவர்கள் சிலரே. ஒரு பாட்டில் வந்த வசைச் சொல்லுக்கு ஒரு நொடியில் எழுந்து நின்ற நாம், நுரையீரலுக்குள் போன நஞ்சுக்கு எழுந்து நிற்க ஏன் இத்தனை காலம் எடுத்துக்கொள்கிறோம்?

பாட்டு வேண்டும், பாடுகிறவன் வேண்டாம்

'நாங்கள் பாட்டுக்கு எதிரி அல்ல. நல்ல பாட்டாக இருந்தால் ஏற்போம்' என்று சிலர் சொல்லக்கூடும். அந்த 'நல்ல' என்பதை எவ்வாறு அளக்கிறோம் என்று பார்ப்போம்.

2017 ஜனவரியில் கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணா, கபேர் வாசுகி எழுதிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' என்பதை எண்ணூர்க் கழிமுகத்திலேயே நின்று பாடினார். சாஸ்திரிய ராகங்களில் சென்னையின் பேச்சுத் தமிழ் ஒலித்தது. ஊருக்குப் பொதுவான நிலத்தைக் குறித்த 'புறம்போக்கு' என்ற சொல் எப்படி வசவாக மாறியது என்பதை அது கேட்டது. நாடெங்கும் அதைப் பாராட்டினார்கள். ஆங்கில நாளேடுகள் எழுதின. நல்லதே. பெரிய மேடையின் கலைஞர் ஒருவர் சாம்பலில் வந்து நின்றது மதிக்கத்தக்க செயல். ஆனால் அதே கழிமுகத்தின் கரையில் பிறந்தவன், அதே பேச்சுத் தமிழில், அதே சாம்பலைப் பற்றிப் பாடினால் நாம் சன்னலைச் சாத்துகிறோம். சபாவிலிருந்து வந்தால் விழிப்புணர்வு. குப்பத்திலிருந்து வந்தால் கூச்சலா?

2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதன்முறையாக மேடை ஏறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய 'ஜாதி பேதமற்ற' என்னும் சொல்லே அதன் பெயருக்கு மூலம். கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒரே மேடையில் ஒலித்தன. அதில் பாடிய இசைவாணி நம் இராயபுரத்தில் வளர்ந்தவர். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் பெண் குரலாக எழுந்தவர். 2020-இல் பி.பி.சி. நிறுவனம் உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவருடைய பெயரைச் சேர்த்தது. இலண்டனுக்குக் கேட்ட குரல் இராயபுரத்து வீடுகள் எத்தனைக்குக் கேட்டது? நம் மறைமாவட்டத்து மகளிர் மாநாடுகளில், 'நம் பகுதியில் ஒரு பெண் இவ்வாறு உயர்ந்திருக்கிறாள்' என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்?

அதே குழுவில் பாடிய அறிவு, அரக்கோணத்து இளைஞர். 2019-இல் இசைக்கலைஞர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குறள்' என்ற ராப் இசைத்தொகுப்பை வெளியிட்டார். திரைப்படத்தின் துணை இன்றி, சாதியையும் அரசியலையும் பேசிய தொகுப்பு. வள்ளுவரின் நூற்பெயரைத் தெருவுக்கு இறக்கிவிட்டார்களே என்று முகம் சுளித்தவர்கள் இருக்கலாம். தெருவில் இருப்பவருக்கும் சேர்த்துத்தானே வள்ளுவர் எழுதினார்? 2021-இல் அவர் எழுதி, பாடகி தீயுடன் சேர்ந்து பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் பரவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவு அதில் இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் அந்தப் பாடலின் வெற்றியையும் சேர்த்துப் பேசும் அட்டையை வெளியிட்டபோது, அதில் வேறு இரு கலைஞர்களின் முகங்கள் இருந்தன. பாட்டை எழுதியவரின் முகம் இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் எதிர்த்துக் கேட்ட பின்னரே, அறிவுக்கெனத் தனியாக ஒரு மின்னிதழ் அட்டை வந்தது.

இதுவும் ஒருவகை வரவேற்புதான். ஹூஸ்டன் பாடகர்களைக் கதவைச் சாத்தி விலக்கினார்கள். இங்கே பாட்டை நடு வீட்டில் உட்கார வைத்தார்கள்; அதை எழுதியவரை வாசலிலேயே நிறுத்தினார்கள். வழி வேறாயினும் முடிவு ஒன்றே. அந்தப் பத்திரிகையைக் குறை கூற நமக்குத் தகுதி வேண்டும். நம் திருவிழா மேடையில் நாம் செய்தது அதனினும் மேலானதா?

ஒரு நேர்மையான மறுப்பு

நம் வாசகருள் ஒரு தாய் இவ்வாறு கேட்கக்கூடும்: 'கத்தியைப் புகழும் பாட்டும், பெண்ணை இழிவுபடுத்தும் பாட்டும் கானாவில் இல்லையா? என் மகன் அதைக் கேட்டுக் கெட்டுப்போனால் நீங்கள் பொறுப்பேற்பீர்களா?'

இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். இருக்கின்றன. பிறந்தநாள் அப்பத்தைப் பட்டாக்கத்தியால் வெட்டுவதைப் பெருமையாக்கும் பாட்டுகள் உண்டு. காதலை மறுத்த பெண்ணை வசைபாடும் பாட்டுகள் ஏராளம். அவற்றைக் கண்டிக்க வேண்டும், நாமும் கண்டிக்கிறோம். ஆனால் அந்த அளவுகோலை எல்லாருக்கும் ஒன்றாக வைக்க வேண்டும். பெண்ணைத் துரத்துவதையே காதல் என்று சொல்லும் திரைப்பாடல்களைக் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கிறோம். அரிவாளோடு நடந்துவரும் கதாநாயகனுக்குச் சீழ்க்கை அடிக்கிறோம். பெரும் பணத்தில் எடுத்த வன்முறைக்கு நுழைவுச்சீட்டு வாங்குகிறோம். தகர டின்னில் தட்டிய வன்முறைக்கு மட்டும் காவல் துறையைக் கூப்பிடுகிறோம். இது ஒழுக்கம் அன்று, வகுப்பு வேற்றுமை.

மேலும், வன்முறையை விற்கும் பாட்டு வேறு. வன்முறைக்கு ஆளானவன் அலறும் பாட்டு வேறு. இரண்டிலும் ஒரே வசைச் சொல் இருக்கலாம். எது எது என்று பகுத்தறிய முழுப் பாட்டையும் கேட்க வேண்டும். மூன்றாம் அடியில் ஒலிபெருக்கியை நிறுத்துகிறவருக்கு அது ஒருநாளும் தெரியப்போவதில்லை.

இதில் நம் விவிலியமே நமக்கு ஆசிரியர். திருப்பாடல் 137 பாபிலோன் ஆற்றங்கரையில் அழுதவர்களின் பாட்டு. அதன் தொடக்கத்தை நாம் உருக்கமாகப் பாடுகிறோம். அதன் முடிவைப் படித்தவர்கள் அறிவார்கள். பகைவரின் குழந்தைகளுக்கு நேர வேண்டியதைச் சொல்லும் அந்த வரிகளுக்கு முன் எந்தக் கானாவும் நாணும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருப்புகழ்மாலையைத் திருத்தி அமைத்தபோது 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களையும், வேறு சில வரிகளையும், அவற்றின் சாபக் கடுமை கருதி விலக்கினார்கள். ஆனால் விவிலியத்திலிருந்து எவரும் அவற்றைக் கிழித்தெறியவில்லை. நாடிழந்து வீடிழந்தவனின் உள்ளத்தில் என்ன கொதிக்கிறது என்பதைக் கடவுள் முன்னிலையில் அவன் கொட்டித் தீர்த்தான். திருச்சபை அதைப் பாதுகாத்து வைத்தது. வழிபாட்டில் எதைப் பாடுவது என்று பகுத்தறிவது ஒன்று. அழுகிறவனின் வாயையே பொத்துவது முற்றிலும் வேறு. நம் விழாக் குழு செய்தது எது?

1963-இல் வெளிவந்த திருவழிபாடு பற்றிய சங்க ஏடு, மக்களுக்கென்று தனி இசை மரபு உள்ள நாடுகளில் அந்த மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரப்பட வேண்டும் என்று கற்பித்தது. நாமும் ஆர்மோனியத்தை ஏற்றோம், தபேலாவை ஏற்றோம், வீணையை ஏற்றோம். மின் விசைப்பலகையை ஒரு கேள்வியும் இன்றி ஏற்றோம். சாவுக்கு அடிக்கும் பறை என்று வரும்போது மட்டும் கைகள் நடுங்குகின்றன. பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்தையே சாதிச் சுவரால் பிரித்த சமூகம் அல்லவா நாம்? கருவிக்கும் மெட்டுக்கும் தீட்டு ஒட்டியிருப்பதாக நினைக்கும் நோய் எங்கிருந்து வந்தது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இராயப்பரின் பேச்சு

இராயபுரம் என்னும் பெயர் புனித இராயப்பரிடமிருந்து வந்தது என்பர். படகோட்டிகளும் கடல் தொழிலாளரும் தங்கள் உழைப்பால் எழுப்பிய ஆலயம் அவருடைய பெயரால் இன்றும் நிற்கிறது. அந்த இராயப்பர் யார்? வலை வீசிய மீனவர். தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது, அங்கு நின்றவர்கள் அவரை எதைக் கொண்டு அடையாளம் கண்டார்கள்? அவருடைய பேச்சைக் கொண்டு. கலிலேயாவின் கடற்கரைப் பேச்சு தலைநகரத்தார் காதில் தனித்து ஒலித்தது. அந்தப் பேச்சுக்காகவே அவர் அந்த இரவில் அஞ்ச வேண்டியிருந்தது. அவர் சபிக்கவும் ஆணையிடவும் தொடங்கினார் என்று நற்செய்தியாளர் மத்தேயு மறைக்காமல் எழுதுகிறார். வசைச் சொல் வந்த அந்த வாயைத்தான் ஆண்டவர் தம் மந்தையை மேய்க்கத் தேர்ந்துகொண்டார்.

அவருடைய பெயரைத் தாங்கிய ஊரில், அவருடைய தொழிலைச் செய்யும் மக்களின் நடுவில் வாழும் நமக்கு, நம் பேச்சே வெட்கமாகிவிட்டது. 'இன்னா', 'வாத்யாரே', 'நைனா' என்னும் சொற்களைப் பிள்ளைகளின் நாவிலிருந்து துடைத்தெடுக்கப் பாடுபடுகிறோம். படித்து முன்னேறுவதற்கு அது தேவை என்கிறோம். முன்னேறட்டும், மகிழ்ச்சியே. ஆனால் முன்னேறியவர், பின்னால் நிற்பவனின் பேச்சைக் கேட்டதும், அந்த முற்றத்துக் கூட்டம்போல் விரல் நீட்டக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

கண்டனத்தோடு நிறுத்துவது எளிது. அதனால் சிலவற்றைக் கேட்கிறோம்.

முதலாவதாக, திருவிழா மேடையில் நம் இளையோர் தாங்களே கட்டிய பாட்டுக்கு இடம் தருவோம். முன்கூட்டியே அழைத்து, உடன் அமர்ந்து, முழுமையாகக் கேட்போம். பெண்ணை இழிவுபடுத்தும் சொல் இருந்தால், 'தம்பி, இது உன் அக்காவுக்கும் அம்மாவுக்கும் வலிக்கும்' என்று அன்போடு சொல்வோம். அவர்களுக்குப் புரியும். மேடையில் வைத்து அவமானப்படுத்துவது திருத்தமாகாது.

இரண்டாவதாக, பாட்டைப் பற்றி ஒரு தீர்மானம் போடும் பேரவை, அதே கூட்டத்தில் காற்றையும் ஆற்றையும் பற்றி ஒரு தீர்மானம் போடட்டும். எந்த ஆலையின் குழாய் நம் தெருவுக்குப் பக்கத்தில் போகிறது, கசிந்தால் மக்களை எங்கே அழைத்துச் செல்வது, யார் மணி அடிப்பது என்பதை ஒவ்வோர் அன்பியமும் எழுதி வைத்திருக்கட்டும். அந்த இரவில் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றதை அந்தத் தம்பிகள் பாட்டிலேயே சொன்னார்கள். பாட்டை முழுதும் கேட்டிருந்தால், ஒழுக்கக் கேட்டுக்குப் பதிலாக ஓர் எச்சரிக்கை நம் காதில் விழுந்திருக்கும்.

மூன்றாவதாக, சாவு வீட்டில் பாடும் மூத்த கானாக் கலைஞர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டுகள் அவர்களோடு மண்ணுக்குப் போகாதிருக்க, நம் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் அவற்றைப் பதிவு செய்யட்டும். பாடியவரின் பெயரோடு பதிவு செய்யட்டும்; பெயரை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடமாவது முடியட்டும்.

கடைசியாக ஒன்று. மேடையை விட்டு இறங்கிய அந்த இரு தம்பிகளின் வீடு நமக்குத் தெரியும். ஆலயத்திலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஒருவன் தந்தை படகில் போகிறார். மற்றவன் தாய் மீன் கூடை சுமக்கிறார். அந்த வீட்டுக்குப் போக நமக்கு எந்தத் தீர்மானமும் தேவையில்லை. போய், 'தம்பி, அன்று நாங்கள் வாய் திறக்காமல் இருந்தது தவறு. அந்தப் பாட்டின் மிச்சத்தைப் பாடு, கேட்கிறோம்' என்று சொல்ல வேண்டும். அவன் பாட மறுக்கலாம். மறுத்தால் அதுவும் அவன் உரிமை. மறுபடியும் போவோம்.

ஏனெனில் அவன் அன்று கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. மூச்சு முட்டிய இரவில் அவனுக்குத் திறந்த கதவு, அந்த மூச்சு பாட்டாக வந்தபோது ஏன் மூடிக்கொண்டது?